மணவிலக்கும் மனைவியின் பொருளுரிமையும்

மணவாழ்வு முறியும்போது இரு வினாக்கள் எழுகின்றன. கணவனும் மனைவியும் பிரியலாமா என்பது ஒன்று. பிரிந்தபின் பொருள் யாரைச் சேரும் என்பது மற்றொன்று. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாடு, மணவிலக்கு உரிமையையும் பெண்களின் சொத்துரிமையையும் ஒருசேர வற்புறுத்தியது. முன்னது இருபது ஆண்டுகளில் சென்னை மாகாணத்தில் சட்டமாயிற்று. பின்னதோ, மணவாழ்வில் ஈட்டிய பொருளைப் பொறுத்தமட்டில், இன்னும் சட்டமாகவில்லை. இவ்வேறுபாடு நேர்ந்தவாற்றைத் தமிழ்நாட்டு இந்துக்களின் மணச்சட்ட வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இப்பொருட்சிக்கலை மூன்றாகப் பகுத்துக் காணலாம். மணத்தின்போது வந்த பொருள் யாருடையது என்பது முதலாவது. பிரிந்தபின் உணவுக்கும் உடைக்கும் உறையுளுக்கும் வழி யாது என்பது இரண்டாவது. மணவாழ்வின் இடையே சேர்ந்த பொருளில் யாருக்கு எத்துணைப் பங்கு என்பது மூன்றாவது.

பரிசமும் பஞ்சாயத்தும்

மணவிலக்கு மேனாட்டார் கொணர்ந்த புதுமை என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்தாது. வடமொழி அறநூல்களைத் தழுவிய இந்துச் சட்டம் மணத்தைப் பிரிக்கவொண்ணாக் கட்டாகக் கொண்டது உண்மையே. ஆயினும் பல சமூகத்தாரிடையே மணவிலக்கு வழக்காறாக நிலவிற்று. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதிகளில் இதற்குச் சான்றுகள் பல உள. கணவன் துரும்பு ஒன்றைக் கொடுத்து மணத்தை முறிக்கும் வழக்கமும் அவற்றுள் ஒன்று. பஞ்சாயத்தார் பெரிதும் கணக்கிட்டவை பரிசப் பணமும் மணச்செலவுமே ஆகும். மணநாளில் கைமாறிய பொருளே அக்கணக்கிற்கு அடிப்படையாயிற்று. இவ்வழக்காறுகளை 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் 29-ஆம் பிரிவில் காத்து நிற்கிறது.

ஜீவனாம்சம்

'ஜீவனாம்சம்' என்னும் சொல், வாழ்க்கைக்குரிய பங்கு எனப் பொருள்படும். சொல்லில் 'அம்சம்' என்பது உண்டு. ஆயின் சட்டத்தில் அது சொத்தின் பங்காக அமையவில்லை. வறுமை தடுக்கும் படியாகவே அமைந்தது. 1898-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம் 488-ஆம் பிரிவில் மாதம் 50 ரூபாயை அதன் உச்ச வரம்பாக்கிற்று. 1923-இல் அது 100 ஆயிற்று. 1955-இல் 500 ஆயிற்று. மணவிலக்குப் பெற்ற மனைவிக்கு அப்பிரிவில் இடமில்லை. 1973-ஆம் ஆண்டின் புதிய சட்டமே 125-ஆம் பிரிவில் அவளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் வரம்பு 500 ரூபாயாகவே நின்றது. 2001-இல்தான் நடுவண் சட்டம் அவ்வரம்பை நீக்கிற்று. விலைவாசி பன்மடங்கு ஏறிய 46 ஆண்டுகள், ஒரே தொகை வரம்பாக நின்றமை நாம் கருதத்தக்கது.

உரிமையியல் வழியும் இதனோடு உடன் வளர்ந்தது. 1946-ஆம் ஆண்டின் சட்டம், தக்க காரணத்தால் பிரிந்து வாழும் மனைவிக்கு உறையுளும் ஜீவனாம்சமும் அளித்தது. சென்னை மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்கிற்கும் வழி செய்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மாற்றாக வந்தது. அதன் 25-ஆம் பிரிவின்படி, வழக்கு மன்றம் இருவருள் எவர்க்கும் மாதந்தோறுமோ ஒருசேரவோ பொருள் வழங்கப் பணிக்கலாம். வரம்பு ஏதும் இல்லை. ஆனால் பெற்றவர் மறுமணம் செய்துகொண்டால் அதனை நீக்கவும் மன்றத்திற்கு உரிமையுண்டு. பங்கு என்பது ஒருவர் தேடியதன் பயன். அது நடத்தையையோ மறுமணத்தையோ பொறுத்து மாறுவதன்று. இது மாறுகிறது, ஆதலின் இது பங்காகாது என்பது தெளிவு.

சீதனம்

முதல்வகைப் பொருளில் சட்டம் சற்று உறுதியாக நின்றது. 'ஸ்திரீதனம்' என்பதே தமிழில் 'சீதனம்' என வழங்குவதாயிற்று. பெண்ணின் தனம் என்பது அதன் பொருள். 1985-இல் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே முழுதும் உரியது என்றும், கணவன் வீட்டார் கையில் இருப்பினும் அவர் அதனை நம்பிக்கைப் பொருளாகவே வைத்துள்ளனர் என்றும் தீர்ப்பளித்தது. மணத்தையொட்டி வந்து இருவர்க்கும் பொதுவான பொருளைப் பகிர்தற்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இடந்தருகிறது. அதற்கு அப்பால் அப்பிரிவு செல்லவில்லை.

தேடிய தேட்டம்

மூன்றாம் வகைக்குத் தமிழிலேயே அழகிய பெயர் உண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகளை ஒல்லாந்த அலுவலர் கிளாஸ் ஐசாக் 1707-இல் தேசவழமையாகத் தொகுத்தார். பொருளை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என அது மூன்றாகப் பகுத்தது. மணவாழ்வில் ஈட்டியதே தேடிய தேட்டம். அஃது இருவர்க்கும் பொது, சம உரிமையுடையது என்று 1911-ஆம் ஆண்டின் யாழ்ப்பாணச் சட்டம் கூறிற்று. 1947-இன் திருத்தம் அவ்விதியை மாற்றியது. அப்பொருளை ஆளும் உரிமை கணவனிடமே இருந்தது என்பதையும் நாம் மறுத்தற்கில்லை. எனினும், இல்லத்தில் உழைத்தவளும் தேடியவளே என்னும் கருத்து அவ்வகுப்பில் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் அவ்வகுப்பு இல்லை. 1989-ஆம் ஆண்டின் மாநிலத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டின் நடுவண் திருத்தமும் பிறந்தகக் கூட்டுச் சொத்தில் மகளுக்கு உரிமை தந்தன. புக்ககத்தில் ஈட்டியது பற்றி அவை பேசவில்லை. 2023 ஜூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் இக்குறையை நோக்கியது. கணவன் அயல்நாட்டில் பொருளீட்ட, மனைவி இல்லத்தையும் மக்களையும் காத்தாள். அவளது உழைப்பும் சொத்துச் சேர்வதற்குத் துணையாயிற்று என மன்றம் கொண்டது. சில சொத்துகளில் அவளுக்குச் சரிபாதியும் அளித்தது. இவ்வுழைப்பை நேரடியாக ஏற்கும் சட்டம் இதுவரை இல்லை என்பதையும் அத்தீர்ப்பு சுட்டிற்று.

முடிவுரை

1976-இல் இருவர் இசைவால் மணவிலக்குப் பெறும் முறை வந்தது. அம்முறையில் பொருள் பற்றிய முடிவு பெரிதும் இருவர் பேச்சில் அமைகிறது. தனக்கெனப் பங்கில்லாதவள் அப்பேச்சில் கேட்டுப் பெறுபவளாகவே நிற்பாள். இருவரும் தம் உடைமையையும் கடனையும் உறுதிமொழி ஆவணத்தில் வெளியிடல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் பணித்தது நற்பயன் தரும் நெறியாகும். எனினும் கணக்கு வெளிப்படுதல் வேறு, கணக்கில் உரிமையுடைமை வேறு. தேடிய தேட்டம் என்னும் சொல் நம் மொழியில் உள்ளது. அச்சொல்லின் பொருள் நம் சட்டத்திலும் இடம்பெறும் நாளில்தான் செங்கற்பட்டில் எழுந்த இரண்டாம் கோரிக்கை இத்துறையில் நிறைவுறும் எனக் கூறி அமைவோம்.