குடியும் குடிமையும்: ஒரு சொல்லின் சமுதாய வரலாறு

பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பிழையின்றி வாக்கியத்தில் அமைப்பது எவ்வாறு என்னும் வினா, இலக்கண வகுப்பிற்கு மட்டும் உரிய சிறு வினாவாகவே பலராலும் கருதப்படுகின்றது. அகராதியைத் திறந்து, பொருள்களை ஒன்று, இரண்டு என எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பதே நமது பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். ஆயினும், சில சொற்கள் அவ்வளவு எளிதில் அடங்குவன அல்ல. அவற்றின் பொருள்கள் வெவ்வேறு காலங்களில் வந்து சேர்ந்தவை. ஒன்றையொன்று தள்ளியும் மறைத்தும் நிற்பவை. அவற்றுள் எப்பொருள் நிலைக்க வேண்டும் என்னும் வழக்கு, ஏட்டிலே மட்டுமன்றி வயலிலும் கோயில் வீதியிலும் பாராளுமன்றத்திலும் நடந்திருக்கின்றது. 'குடி' அத்தகையதொரு சொல்.

பல பொருள் ஒரு சொல்லைப் பற்றித் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே தெளிவாகக் கூறியுள்ளார். அத்தகைய சொற்கள் இருவகைப்படும். வந்து முடியும் வினையினாலே பொருள் விளங்குவன ஒருவகை. வினையினால் விளங்காதன மற்றொரு வகை. 'மா பூத்தது' என்றால் மரம் என்பது பெறப்படும். 'மா ஓடிற்று' என்றால் விலங்கு என்பது பெறப்படும். 'மா வீழ்ந்தது' என்றாலோ ஐயமே எஞ்சும். அவ்விடத்தில் 'மாமரம்' என்று கிளந்து கூறுதல் வேண்டும். பொருளைத் தெளிவதற்கு அவர் காட்டும் துணைகள் மூன்று: வினை, இனம், சார்பு. முதல் இரண்டும் வாக்கியத்தினுள்ளே காணப்படுவன. மூன்றாவதாகிய சார்போ பேசுவோனும் கேட்போனும் நிற்கும் நிலைமையைச் சேர்ந்தது. 'குடி' என்னும் சொல்லை ஆராயுமிடத்து, இம்மூன்றாவது துணையே இன்றியமையாதது என்பது புலனாகும். ஒரு சொல்லின் சார்பு ஈற்றில் அச்சொல்லை வழங்கும் சமுதாயமே.

முதலில் எளிய வேறுபாட்டைத் தீர்த்துக் கொள்வோம். 'பால் குடி' என ஏவும்போது அது வினை. 'அவன் குடியை விட்டான்' என்னும்போது அவ்வினையடியாகப் பிறந்த பெயர். இன்றைய வழக்கில் பெரும்பாலும் மதுவையே குறிக்கும். 'அவர்கள் பழங்குடியினர்' என்னும்போதோ வேறொரு சொல். வடிவம் ஒன்றாயினும் பொருட்டொடர்பு இல்லை. 'குடி குடியைக் கெடுக்கும்' என்னும் மக்கள் வாக்கு இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து, எவ்வித ஐயமுமின்றிப் பொருள் தருகின்றது. கெடுக்கும் குடி எது, கெடும் குடி எது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் 'குடிமகன்' என்னும் சொல்லை மது அருந்துபவனுக்குச் சூட்டி நகையாடுவது இவ்வடிவ ஒற்றுமையைக் கொண்டே. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அங்கே 'குடி' என்னும் வினையை ஆளாமல் 'உண்' என்னும் வினையையே ஆண்டிருப்பதும் நோக்கத்தக்கது. இவ்வேறுபாடு வினையினாலும் இனத்தினாலும் விளங்குவது. இதில் வழக்கு எதுவும் இல்லை.

வழக்கு எழுவது இரண்டாவது சொல்லிலேதான். சங்கச் செய்யுள்களில் 'சிறுகுடி' என்பது மலைச்சாரலிலும் பிறவிடங்களிலும் அமைந்த சிற்றூர். மன்னார்குடி, காரைக்குடி, தூத்துக்குடி முதல் நமது காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஈறாக அப்பொருளின் தடயத்தை ஊர்ப்பெயர்களில் இன்றும் காணலாம். மலையாளத்தில் இச்சொல் வீட்டைக் குறிக்கும். தெலுங்கில் 'குடி' கோயிலாகும். உறைவிடத்தைக் குறித்த சொல் உறைவோரைக் குறித்தது. உறைவோர் வழிவழி வந்தோராகையால் குலத்தையும் குறித்தது. புறநானூற்றிலே மாங்குடி கிழார் பாடிய செய்யுளொன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நால்வரையே சிறந்த குடிகளாக எண்ணுகின்றது. பிற்காலச் சமுதாயம் தாழ்த்தி வைத்த பெயர் ஒன்று, அங்கே நிலத்துக்குரிய மூத்த குடியின் பெயராக நிற்கின்றது. பிறப்பினாலே தாழ்வு கற்பித்தல் தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டே மாறாது இருந்தது என்று வாதிடுவோர் இச்செய்யுளை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று.

அரசு வளர்ந்தபோது சொல்லும் புதுப் பொருள் ஏற்றது. திருக்குறள் ஒன்றிலேயே இதன் படிகளைக் காணலாம். 'குடிமை' என்னும் அதிகாரத்தில் அது உயர்குடிப் பிறப்பு. 'குடிசெயல்வகை'யில் அது ஒருவன் உழைத்து உயர்த்த வேண்டிய குடும்பம். 'இறைமாட்சி'யிலோ படை, உணவு, அமைச்சு, நட்பு, அரண் என்பவற்றோடு சேர்த்து அரசனது உடைமையாக எண்ணப்படும் மக்கட்டொகுதி. ஊரிலே வாழ்ந்தவன் அரசனுக்கு உரியவன் ஆகின்றான். 'குடி' என்னும் சொல் இனி இருமுகம் உடையது: ஒரு முகம் நிலத்தை நோக்கி உரிமை பேசும், மறுமுகம் மேலோரை நோக்கிக் கடமை பேசும்.

சோழர் காலக் கல்வெட்டுக்கள் இவ்விரு முகங்களையும் ஒளிவின்றிக் காட்டுகின்றன. கோயில்களுக்கும் பிராமணர்க்கும் ஊர்களைத் தானஞ் செய்தபோது, சில தானங்கள் 'குடிநீக்கி' வழங்கப்பட்டன. சில 'குடிநீங்கா' என்னும் அடையுடன் வழங்கப்பட்டன. முன்னையதில், அந்நிலத்தில் முன்பு உரிமை கொண்டிருந்தோர் நீக்கப்பட்டனர்; பின்னையதில், அவர்கள் தொடர்ந்து இருக்க விடப்பட்டனர். இரண்டு எழுத்துக்களின் வேறுபாடு ஓர் ஊராரின் விதியைத் தீர்மானித்தது. அதே கல்வெட்டுக்களிலே 'குடிமை' என்பது உயர்பிறப்பைக் குறிக்கவில்லை; குடிகள் செலுத்த வேண்டிய இறையையும் செய்ய வேண்டிய கடமையையும் குறித்தது. வள்ளுவர் பெருமையாகக் கூறிய சொல் வரிக்கணக்கரின் ஏட்டிலே சுமையாயிற்று.

விளைச்சலைப் பங்கிட்ட முறையிலும் இதே கதைதான். அரசனுக்கோ நிலத்தலைவனுக்கோ சேர்வது மேல்வாரம். உழுதவனுக்கு எஞ்சுவது குடிவாரம். 1802ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீந்தார்களின் உடைமையை உறுதி செய்தது. அவர்களது நிலங்களில் உழுத குடியானவனுடைய சாகுபடி உரிமையை 1908ஆம் ஆண்டின் எஸ்டேட்டு நிலச் சட்டம் ஏற்றுக்கொள்ள ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. இடைப்பட்ட காலத்தில் கடனாலும் பஞ்சத்தாலும் நிலையற்றுப் போனவர் பலர். அவர்களுள்ளும், நிலமே இல்லாதிருந்த கூலியாட்களுள்ளும் பல்லாயிரவர் இலங்கை மலைநாட்டுக்கு வந்தனர். அவர்களிடம் பின்னர் வருவோம்.

பாக்கு நீரிணையின் இப்புறத்திலே இச்சொல் இரண்டு தனி வழிகளிற் சென்றது. மட்டக்களப்பிலே 'குடி' என்பது தாய்வழி வரும் குலப்பிரிவு. பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் மணஞ்செய்தல் தகாது. கோயில்களின் நிருவாகத்தில் இன்ன குடிக்கு இன்ன உரிமை என்னும் ஒழுங்கு உண்டு. அப்பகுதி முஸ்லிம் மக்களிடையேயும் இக்குடி முறை வழங்குகின்றது. சமயத்தால் வேறுபட்ட இரு மக்கட் கூட்டத்தார் ஒரு தமிழ்ச் சொல்லினாலே தம் தாய்வழியை எண்ணி வருகின்றனர் என்பது, அவ்விரு சாராரின் நெடுநாட் கூட்டு வாழ்வுக்குச் சான்றாகும்.

யாழ்ப்பாணத்திலோ வேறுவிதம். அங்கே 'குடிமக்கள்' என்றால் நாட்டின் மக்கள் யாவரும் என்பது பொருளன்று. சலவைத் தொழிலாளர், சவரத் தொழிலாளர் முதலாக, நிலமுடைய வீடுகளுக்குப் பரம்பரையாகத் தொண்டு செய்யக் கட்டுண்டவர்களே குடிமக்கள். மணவீட்டிலும் பிணவீட்டிலும் அவர்கள் செய்யவேண்டிய ஊழியமே 'குடிமை'. அறுவடைக் காலத்தில் அளக்கும் நெல்லும் சடங்குகளிற் கிடைக்கும் பொருளும் அதற்கு ஈடு. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை அடிமைகளைப் பற்றித் தனியொரு பகுதியை உடையது. 1844இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குடிமை முறையோ வழக்கத்தின் வலிமையால் தொடர்ந்தது. சாதியின் பேரால் பொதுவிடங்களில் இடையூறு செய்வதைக் குற்றமாக்கிய சமுதாயக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. அது ஏட்டிலேயே உறங்கியமையால், 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி மக்கள் ஊர்வலமாகச் செல்ல நேர்ந்தது. 1968இல் மாவிட்டபுரத்திலே கோயில் வாசலில் நிற்க நேர்ந்தது. தேநீர்க் கடையிலும் கோயிலிலும் நுழையும் உரிமைக்கு நடந்த அப்போராட்டம், நமது நோக்கில், 'குடிமக்கள்' என்னும் சொல்லின் பொருளை மாற்றுவதற்கு நடந்த போராட்டமுமாகும்.

இனி மலைநாடு. கோப்பிக் காலந்தொட்டுத் தேயிலைக் காலம் வரை காடழித்து, பாதை வெட்டி, இந்நாட்டின் ஏற்றுமதிச் செல்வத்தை உருவாக்கிய அம்மக்கள் லயங்களிலே குடியிருத்தப்பட்டனர். குடியிருப்பு அவர்களுடையதன்று, வேலை போனால் கூரையும் போகும். கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்னும் சீட்டாகி, ஒரு தோட்டத்திலிருந்து மறுதோட்டத்துக்கு அவர்களைப் பின்தொடர்ந்தது. 1921இலேயே அம்முறை சட்டத்தால் நீக்கப்பட்டது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது அவர்களுள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. ஒருவர் வம்சாவழியால் பிரசையாவதற்குத் தந்தையோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவ வேண்டுமென அது விதித்தது. பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயத்து மக்கள் பூட்டனின் பிறப்புக்கு எங்கே பத்திரந் தேடுவர்? 1949இல் வாக்குரிமையும் பிரசாவுரிமையோடு பிணைக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதியென ஒருவரேனும் தெரிவாகவில்லை.

பின்னர் நிகழ்ந்தது எண்களின் பேரம். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என வகுத்து, 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக் கொள்வோம் என ஒதுக்கியது. 1974இல் அவ்வெஞ்சிய தொகை 75,000 வீதம் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. மேல்வாரம் குடிவாரம் என நெல்லைப் பிரித்தது போல், இங்கே குடிகளையே வாரம் பிரித்தனர். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வந்த பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டத்தளவில் தீர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் 'குடியிருந்தும் குடியல்லர்' என்னும் ஒரு வாக்கியம் இந்நாட்டிலே உண்மையாயிருந்தது. இலக்கணத்திற்கு அதில் வழு எதுவும் தோன்றாது. சொல்லின் வரலாற்றை அறிந்தவருக்கோ அது பெருவழு. குடியிருத்தலிலிருந்தே குடி என்னும் உரிமை பிறந்தது என்பதை அது மறுக்கின்றது.

சட்டம் 'பிரசை' என்றது. நாம் 'குடி' என்கின்றோமே என்று வினவலாம். பிரசை என்னும் வடசொல்லும் மக்கட்பேற்றைக் குறித்துப் பின் அரசனுக்கு அடங்கிய மக்களைக் குறித்ததே. பிறப்பையே அளவுகோலாகக் கொண்ட சட்டத்துக்கு அச்சொல் பொருத்தமாயிருந்தது போலும். 'குடியுரிமை' என்னும் சொல்லில் வாழ்விடம் இருக்கின்றது, உழைத்த நிலம் இருக்கின்றது, உரிமை வெளிப்படையாகவே இருக்கின்றது. ஆதலின் அதனையே நாம் விரும்பி ஆள்கின்றோம். எனினும் சொல்லை மாற்றுவதால் மட்டும் நிலை மாறாது என்பதை 'குடிமை'யின் வரலாறே நமக்கு உணர்த்தும்.

மாணவர்க்கு 'குடி'யைக் கற்பிக்கும்போது நாம் செய்யத்தக்கது யாது? வினையைக் காட்டுவோம், இனத்தைக் காட்டுவோம், அவற்றோடு நில்லாது சார்பையும் காட்டுவோம். 'குடிமக்கள் அனைவரும் சமம்' என்று குடியியற் பாடத்திலே ஒரு வாக்கியம் வருகின்றது. அதனை எழுதும் பிள்ளையின் பாட்டியை ஊரார் வேறொரு பொருளில் 'குடிமகள்' என்று அழைத்திருக்கக் கூடும். அப்பிள்ளைக்கு அச்சொல்லின் இரு பொருளையும் கூறாது விடுவது தமிழ்ப் பாடமும் ஆகாது, குடியியற் பாடமும் ஆகாது. ஒரு சொல் எவ்வாறு ஊரிலிருந்து அரசனிடமும், அரசனிடமிருந்து உடையாரிடமும், உடையாரிடமிருந்து மக்களிடமும் வந்தது என்று கூறினால், அது மேலும் எங்கே செல்ல வேண்டும் என்பதைப் பிள்ளை தானே சிந்திக்கும்.

1972இல் இந்நாடு குடியரசாயிற்று. அரசின் பெயரிலேயே 'குடி' முன்னே நிற்கின்றது, 'அரசு' பின்னே வருகின்றது. அச்சொல்லைச் சரியான பொருளில் ஆளுதல் என்பது, லயத்துக் காம்பிராவில் வாழ்பவருக்குக் கூரையும் நிலமும் தமதென எழுதித் தருவதும், எவரையும் எவருக்கும் குடிமை செய்யப் பிறந்தவராகக் கொள்ளாமையுமேயாம். அவ்வாறு ஆகும் நாளில்தான், மாணவன் எழுதும் அவ்வாக்கியம் இலக்கணத்தோடு வாழ்க்கையிலும் வழுவற்றதாகும்.