கோட்டையை விட்டிறங்கிய ஜெர்மானியர்

திருகோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் காத்தார்கள் என்பது பாதி உண்மைதான். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சிப்பாய்களில் கணிசமானோர் ஜெர்மானியர். ஐந்தாண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம் சுமார் 9 கில்டர். தவணை முடிந்தும் ஊர் திரும்பாத சிலர் கம்பனியின் அனுமதியோடு சுதந்திரக் குடிகளாகி, இலங்கைத் துறைமுகங்களில் சாராயக்கடையும் ரொட்டிக்கடையும் வைத்தார்கள். இதை வணிகத் துணிச்சல் என்று புகழ எனக்குத் தயக்கம். கறுவாவும் யானையும் கம்பனியின் பிடியில். மிஞ்சிய சில்லறையிலோ செட்டிகளும் சோனகரும் முன்பே வேரூன்றியிருந்தார்கள். பிறகு எப்படிப் பிழைத்தார்கள்? பழைய பாசறைத் தோழர்களும் கப்பலிறங்கிய மாலுமிகளுமே வாடிக்கையாளர்கள் என்பது என் கணிப்பு.

அப்படியானால் ஜெர்மன் அடையாளம் எங்கே போனது என்று கேட்கலாம். கம்பனி எழுத்தர் யோஹானை யான் என்று பதிந்தார்; மனைவியர் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள்; 1795 ஆகஸ்டில் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனபின், தங்கிவிட்டவர்களின் வாரிசுகள் பறங்கியர் என்ற ஒரே கணக்கில் சேர்ந்தார்கள்.