மெல்லிலைச் சுருட்டும் முதிர்வும்

நாட்பட்ட சுருட்டே நற்சுருட்டு என்பது மேனாட்டுப் புகைப்பிரியரிடையே நெடுங்காலமாக நிலவும் கொள்கையாகும். ஹவானாச் சுருட்டுகளை இலண்டன் வணிகர் ஆண்டுக்கணக்காகப் பேணி முதிர்வித்து விற்றமை இக்கொள்கைக்கு வலுவூட்டிற்று. ஆயின், மேலே சுற்றப்பட்ட இலை மிக மெல்லியதாயின், முதிர்வு அதற்கும் நலஞ் செய்யுமோ என்பது ஆராயற்பாலது.

இவ்வினாவிற்கு விடை பகர்வது சுமாத்திராவின் டெலிப் பகுதியின் வரலாறே. 1863இல் அங்குச் சென்ற நீன்ஹுயிஸ் என்னும் ஒல்லாந்தர் புகையிலைப் பயிரைத் தொடங்கினார்; 1869இல் டெலிக் கம்பனி நிறுவப்பட்டது. ஒருமுறை பயிரிட்ட நிலத்தை ஏழெட்டு ஆண்டுகள் தரிசாக விடுதல் அங்கு வழக்கம். விளைந்த இலையோ பட்டுப்போல் மெல்லியது, நிறம் ஒத்தது, இழுத்துச் சுற்ற இசைவது. ஆயிரஞ் சுருட்டுகளைப் போர்த்த ஏறக்குறைய 2 இறாத்தல் இலை போதுமாயிற்று. உள்நாட்டுப் பயிரைக் காக்க விரும்பிய அமெரிக்கர் 1890இல் இறாத்தலுக்கு 2 டொலர் தீர்வை விதித்தும் இதன் வரவு நின்றிலது. கணக்கிட்டுப் பார்ப்பின் காரணம் விளங்கும்: ஒரு சுருட்டின்மீது விழுந்த தீர்வை அரைச் சதமும் ஆகவில்லை! ஈற்றில் 1900இல் கனெற்றிக்கற் மாநிலத்து வின்சர் என்னுமிடத்தில் துணிப்பந்தலின் நிழலில் சுமாத்திரா விதையைப் பயிரிட்டு, அத்தகைய மெல்லிலையைத் தாமே விளைவிக்க முற்பட்டனர்.

இவ்விலையின் சிறப்பு காரமன்று. மென்மையும், ஒருசீராக எரிதலும், உள்ளிலையின் சுவையை மறையாமையுமே. தடித்து எண்ணெய்ப்பசை மிக்க இலையிற் காலம் மாற்றுதற்குரிய பொருள் மிகுதி; மெல்லிலையில் அது குறைவு. அன்றியும், அதன் முதிர்வு சுருட்டாவதற்கு முன்னரே பெரும்பாலும் நிறைவெய்திவிடுகின்றது. பாடம் போடுதல் யாதென யாழ்ப்பாணத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. நம்மவர் புகையூட்டுவர், டெலியிலோ கொட்டில்களில் காற்றாட உலர்த்தியபின் பெருங்குவியலாக அடுக்குவர். குவியல் தானே வெப்பமுறும். அதனைக் கலைத்துக் கலைத்து மீள அடுக்குங்கால் அமோனியா நெடி நீங்கும். வெப்பம் மிகின் மெல்லிலை கெடும்.

சுருட்டிய பின்னர்ச் சில திங்கள் இருத்தல் நன்றே. ஈரஞ் சமனாகி எஞ்சிய பச்சை நெடியும் அகலும். அதற்குமேல் ஆண்டுகள் செல்லச்செல்ல மாறுவது பெரும்பாலும் உள்ளிலையே. உள்ளிலை வன்மையுடையதாயின் காத்திருத்தல் பயன்தரும். அதுவும் மென்மையானதாயின் உள்ள மணமும் மங்கும். ஈரங் குன்றினால் மேலிலை வெடிக்கவுங் கூடும். டெலி இலையைக் கொண்டு சுருட்டுத் தொழில் வளர்த்த ஒல்லாந்தர் தம் சுருட்டுகளை உலர்ந்த நிலையிலேயே புகைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

எனவே மெல்லிலையின் முதிர்வைச் சீமான்களின் பேழையில் தேடுதல் வீண். அது தோட்டக் கொட்டில்களில் உழைப்பால் விளைந்தது. பயிர்த்தொழில் பெரிதும் சீனர், யாவர் ஆகியோர் கையிலிருந்தது. வீதியமைத்தல், வண்டியோட்டல் முதலியவற்றில் தமிழ்த் தொழிலாளரும் ஈடுபட்டனர். 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் ஒப்பந்தத்தை மீறியோர்க்குத் தண்டனை விதித்தது. தோட்டங்களில் நிகழ்ந்த கொடுமைகளை வான் டென் பிரான்ட் என்னும் வழக்கறிஞர் 1902இல் நூலெழுதி அம்பலப்படுத்தினார். எனினும் தண்டனை முறை நெடுநாள் நீடித்தது. அவ்வாறு கட்டாயப்படுத்தப்பட்ட உழைப்பால் விளைந்த பொருள்களைத் தடுக்கும் விதியொன்றை அமெரிக்கா 1930இல் தன் தீர்வைச் சட்டத்திற் சேர்த்தது. அந்தச் சந்தையை இழக்க அஞ்சிய டெலிப் புகையிலைக் கம்பனிகள் 1931 முதல் தண்டனை ஒப்பந்தத்தைக் கைவிடலாயின.