ஒரு முழக் கேபிளும் ஒரு புயலும்

“மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா, அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும்” என்று மலர்க்குழு நண்பன் கேட்டான். விடுதிக் கதைகளை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆகவே, படிப்பு முடிந்த நாளிலிருந்து நான் கட்டிக்கொண்டு அழுகிற ஈத்தர்நெட் ஸ்விட்சைப் பற்றியே எழுதிவிடுகிறேன். அந்த வரலாற்றில் நம் கல்லூரி லேப்புக்கும் ஒரு சின்ன இடம் உண்டு. எனக்கு ஒரு பழைய பாக்கியும் உண்டு.

2009, மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வு. காலை பத்து மணிக்கு அத்தனை கணிப்பொறிகளும் சர்வரைக் காணோம் என்று நின்றுவிட்டன. மூலையிலிருந்த ஸ்விட்சில் எல்லா விளக்குகளும் சீரியல் செட் மாதிரி ஒன்றாக மின்னின. லேப் அண்ணன் சர்வரை அணைத்துப் போட்டார், ஸ்விட்சை அணைத்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னிலையிலேயே அவருக்குத் திட்டு விழுந்தது. மதியத்துக்கு மேல் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு முழ நீளக் கேபிளைப் பிடுங்கியதும் விளக்குகள் அடங்கின. அதன் இரண்டு முனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தன. “யாருப்பா சொருவினது?” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று நடந்தது என்ன என்று புரிய 1973-க்குப் போக வேண்டும். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் பாப் மெட்காஃப் மே 22 அன்று ஒரு குறிப்பு எழுதினார். அதில்தான் ஈத்தர்நெட் என்ற பெயர் பிறந்தது. அவரும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து அதை ஓட விட்டார்கள். வேகம் வினாடிக்கு 2.94 மெகாபிட். ஒரே கம்பி, அதில் எல்லா இயந்திரமும் தொங்கும். ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும், முகவரிக்கு உரியவர் மட்டும் எடுத்துக்கொள்வார். ஊருக்கே சொல்ல வேண்டியிருந்தால் முகவரியின் 48 பிட்டுகளையும் 1 ஆக வைத்தால் போதும். (48 பிட் என்பது 1980-ல் வந்த 10 மெகாபிட் ஈத்தர்நெட்டில்தான்.) இதற்குப் பெயர் பிராட்காஸ்ட், நம் ஊர்த் தண்டோராவேதான். 1982-ல் வந்த ஏ.ஆர்.பி. முறையும், “இந்த ஐ.பி. முகவரி யாருடையது?” என்று இப்படித் தண்டோரா போட்டுத்தான் கேட்கிறது.

கம்பி ஒன்றாக இருந்த வரையில் கண்காணிப்பதும் சுலபம். எங்கே செருகினாலும் எல்லாம் கேட்கும்.

பிறகு கம்பிகளை இணைக்கும் பிரிட்ஜ்கள் வந்தன, கூடவே வினையும் வந்தது. ஐ.பி. பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரவுட்டரையும் தாண்டும்போது குறைந்து, பூஜ்யமானால் பாக்கெட் செத்துவிடும். ஈத்தர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் கிடையாது. வழியில் ஒரு வளையம் இருந்தால், ஒரு தண்டோரா என்றைக்கும் சுற்றிக்கொண்டே இருக்கும், சுற்றுகிற ஒவ்வொரு முறையும் எல்லாப் போர்ட்டிலும் ஒரு பிரதியைக் கொட்டும். வளையங்கள் கூடினால் பிரதிகளும் பெருகும். 100 மெகாபிட் கம்பியில் வினாடிக்குச் சுமார் 1,48,800 சின்ன ஃபிரேம்கள் போக முடியும். அத்தனையையும் ஒவ்வொரு கணிப்பொறியும் வாங்கிப் படித்தாக வேண்டும். பிராட்காஸ்ட் புயல் என்பது இதுதான். எங்கள் தேர்வைக் கெடுத்ததும் இதுதான்.

இதற்கு மருந்து கண்டவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியின் ராடியா பெர்ல்மன். வளையமுள்ள வலையிலிருந்து கிளை மட்டுமே உள்ள ஒரு மரத்தைப் பிரிட்ஜ்கள் தாமே பேசித் தேர்ந்தெடுத்து, மிச்ச வழிகளை மூடிவைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை அவர் 1985-ல் வெளியிட்டார். அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதினார் என்பது கூடுதல் செய்தி! எங்கள் லேப்பின் மலிவு ஸ்விட்சில் இந்த வசதி கிடையாது.

1990-ல் ஏழு போர்ட் கொண்ட ஈத்தர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டு வந்த கம்பெனியின் பெயர் கல்பனா. நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ், தம் மனைவியின் பெயரையே வைத்தார். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது. ஸ்விட்ச், யாருக்கு உரியதோ அந்தப் போர்ட்டுக்கு மட்டும் ஃபிரேமை அனுப்பும். வேகம் கூடியது, ஆனால் கண்காணிப்பவனுக்குக் கண் போயிற்று. அடுத்த போர்ட்டில் என்ன ஓடுகிறது என்று தெரியாது, தண்டோரா மட்டும்தான் காதில் விழும். ஆகவே ஒரு போர்ட்டின் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுக்கும் மிர்ரர் வசதி வந்தது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: போக 100, வர 100 என்று 200 மெகாபிட் ஓடும் போர்ட்டை 100 மெகாபிட் போர்ட்டில் நகலெடுத்தால் மிச்சம் கீழே சிந்திவிடும். சிந்தியதில்தான் நமக்கு வேண்டியது இருந்திருக்கும்! மிர்ரர் இல்லாத ஸ்விட்சைச் சோதிக்க, எங்கள் சீனியர் ஒருவர் பழைய ஹப் ஒன்றைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். “தூக்கிப் போட்டுடாதே தம்பி, இது சோறு போடும்” என்பார்.

ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் அளவு எல்லை தாண்டினால் மிஞ்சியதைத் தள்ளிவிடும் புயல் கட்டுப்பாடும் இருக்கிறது. வைத்தே ஆக வேண்டிய வசதிதான். ஆனால் அது காய்ச்சல் மாத்திரை. நோய் எந்தப் போர்ட்டில் என்று தேடுவது நம் வேலை.

ஸ்பானிங் ட்ரீயும் கைவிடும். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுப் போட்டு வளர்ந்த வலை, ஸ்விட்சுக்கு ஸ்விட்ச் 7 தாவல் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. சில நாட்களுக்கு மருத்துவமனையே காகிதத்துக்குத் திரும்பியது. அதன் கணிப்பொறித் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் எல்லோருக்கும் சொன்னார்.

அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு தொழிற்சாலையில் அதே சீரியல் செட் விளக்குகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அன்று தேர்வுக்கு முன்னதாகவே வந்தவன் நான். மேஜைக்கடியில் தொங்கிய ஒரு முனை காலில் இடறியது. நல்லது செய்வதாக நினைத்து, காலியாக இருந்த ஓட்டையில் சொருகிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

லேப் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். சந்திப்புக்கு அவருக்கும் அழைப்பு போயிருக்கிறது, வருகிறேன் என்றாராம். இந்த மலரும் அவர் கைக்குப் போகும். அண்ணே, அந்தக் கேபிளைச் சொருவினது நான்தான்.