மீனம்பாக்கம் – பலாலி: தொலைவு ஒன்று, நேரம் பல

1. அளவு

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். விமானிகள் கணக்கில் 192 கடல் மைல். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால் பாதை வடக்கு தெற்காகவே கிடக்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்கு வான்தொலைவு சுமார் 420 கிலோமீட்டர். ஆக, மீனம்பாக்கத்துக்கு மதுரையைவிடப் பலாலிதான் பக்கம்.

2. பறக்கும் நேரமும் அட்டவணை நேரமும்

இத்தடத்தில் ஓடுவது இரட்டை விசிறி ஏடிஆர் 72. உயரம் பிடித்தபின் அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் 43 நிமிடம் வரும். அட்டவணையோ ஒன்றேகால் மணி நேரம் என்கிறது. காரணம், விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை கணக்கு ஓடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மீனம்பாக்கத்தில் முன்னே நிற்கும் விமானங்கள் கிளம்பும்வரை காத்திருப்பது, மெல்ல ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். திருச்சி – பலாலி தொலைவு சுமார் 185 கிலோமீட்டர்தான், சென்னைத் தடத்தில் ஏறக்குறையப் பாதி. ஆனாலும் நேரம் பாதியாவதில்லை. ஏறி இறங்கும் செலவு இரண்டுக்கும் ஒன்றே.

காற்றை இங்கே பெரிதுபடுத்த வேண்டியதில்லை. 40 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று வழிநெடுக அடித்தாலும் நாலு நிமிடம்தான் கூடும்.

3. கடிகாரம்

இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்தள்ளியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை அது இந்தியாவைவிட அரை மணி முந்தியிருந்தது. அக்காலக் கொழும்பு – சென்னைப் பயணச்சீட்டை உள்ளூர் நேரப்படி படித்தவருக்குப் போகும்போது அரை மணி லாபம், திரும்பும்போது நட்டம். இப்போது இரு கரையிலும் ஒரே மணி.

4. சுற்றுவழி

உண்மையான நேரக்கணக்கு இங்கேதான் இருக்கிறது. போர்க்காலத்தில் பலாலி படைத்தளமாயிற்று. இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் மீண்டும் வந்தது 2019இல்தான். போர் முடிந்த பின்னும், அதுவரை சென்னைக்கு விமானம் ஏற நினைத்த யாழ்ப்பாணத்தவர் இரவு பஸ்ஸில் ஏறி, விடியக் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவை அடைந்து, வரிசையில் நின்று, பிறகுதான் பறக்க முடிந்தது. ஏறத்தாழ ஒரு நாளே போயிற்று.

வரைபடத்தில் ஓர் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து பலாலிக்கு 290 கிலோமீட்டர், பலாலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு 355. இரண்டையும் கூட்டினால் 645. கட்டுநாயக்கா – மீனம்பாக்கம் நேர்த்தொலைவும் அதே 645தான். மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. அந்தக் கோடு பலாலிக்கு மேற்கே ஏழு கிலோமீட்டருக்குள் கடக்கிறது. இரவெல்லாம் தெற்கே போன மனிதர், காலையில் தன் ஊரை ஒட்டியே வடக்கே பறந்திருக்கிறார்.

இத்தனைக்கும், 1947 டிசம்பர் 10 அன்றே இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம், ‘சீதா தேவி’ என்ற டகோட்டா, கொழும்பை ஒட்டிய இரத்மலானையில் கிளம்பிக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. அன்று காங்கேசன்துறை எனப்பட்ட அந்த இறங்குதளம் இந்தப் பலாலிதான். மணிக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தாலும் பலாலி – சென்னைத் துண்டுக்கு அதற்கு 71 நிமிடம் போதும். 2018இல் அதே தூரத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தேவைப்பட்டன.