பொறுப்புவழி அணுகல் கட்டுப்பாடு

கணினியில் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்னும் உரிமையை ஆளுக்குத் தராமல், அவர் வகிக்கும் பொறுப்புக்குத் தரும் முறை. வங்கியில் காசாளருக்கு என்னென்ன அனுமதி என்பது ஒருமுறை வரையறுக்கப்படும். அந்த இருக்கைக்கு வருபவரைப் பொறுப்பில் சேர்ப்பதும், போகும்போது நீக்குவதுமே நிர்வாகியின் வேலை.

யாருக்கு எதை அனுமதிப்பது என்னும் சிக்கல், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்த 1960களில் தொடங்கியது. மல்டிக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு கோப்புக்கும் அனுமதி பெற்றவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டது. பத்துப் பேர் உள்ள இடத்துக்கு அது போதும். பத்தாயிரம் பேர் உள்ள நிறுவனத்தில் ஒருவர் பணி மாறினால் எத்தனை பட்டியல்களில் பெயரை அடிப்பது?

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்ட 'ஆரஞ்சுப் புத்தகம்' இரண்டு வழிகளைச் சொன்னது: உரிமையாளர் தம் விருப்பப்படி அனுமதிப்பது, இரகசிய நிலைக்கேற்பக் கட்டாயமாகத் தடுப்பது. இராணுவத்துக்குப் பொருந்திய இது கணக்கு அலுவலகத்துக்கு ஒத்துவரவில்லை. கணினி அறிஞர் டேவிட் கிளார்க்கும் தணிக்கை நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய டேவிட் வில்சனும் 1987இல் இதை எடுத்துக்காட்டினர். வணிகத்தின் பெருங்கவலை இரகசியம் கசிவதல்ல, கணக்கு திருத்தப்படுவது. தணிக்கையாளருக்குத்தான் அது முதலில் கண்ணில் படும்.

பொறுப்புகளைக் கொண்டு அனுமதி வழங்கும் வழக்கம் சில மென்பொருள்களில் முன்பே இருந்தது. அதற்கு 1992இல் முறையான வரையறை தந்தவர்கள் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் கூனும். ரவி சாண்டுவும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் அதை நான்கு மாதிரிகளாக விரித்தனர். மேற்பொறுப்பு கீழ்ப்பொறுப்பின் உரிமைகளைத் தானே பெறும் படிநிலை அவற்றில் ஒன்று. அதைவிட முக்கியமானது கட்டுப்பாடுகளைச் சேர்த்த மாதிரி: பில் தயாரிப்பவரே அதற்கு ஒப்புதலும் அளிக்க முடியாதபடி இரு பொறுப்புகளையும் ஒருவருக்கே தராமல் தடுக்கலாம். இந்தத் தடை இல்லாவிட்டால் இம்முறை வெறும் நிர்வாக வசதியாகவே நின்றிருக்கும். 2004இல் இது அமெரிக்கத் தேசியத் தரநிலையானது.

இம்முறைக்கும் ஒரு குறை உண்டு: விதிவிலக்கு ஒவ்வொன்றுக்கும் புதுப் பொறுப்பு உருவாக்கினால் பொறுப்புகளின் எண்ணிக்கை ஊழியர்களின் எண்ணிக்கையையே தாண்டிவிடலாம். இதற்கு மாற்றாக நேரம், இடம், துறை போன்ற பண்புகளைப் பார்த்து அனுமதிக்கும் முறைக்கு நிஸ்ட் 2014இல் வழிகாட்டி வெளியிட்டது. ஆனாலும் பழைய முறை ஓய்ந்துவிடவில்லை. 2017இல், பல கணினிகளில் செயலிகளை இயக்கி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் மென்பொருளின் 1.8 பதிப்பில் பொறுப்புவழி முறை நிலையான வசதியானது. அதில் அனுமதிக்கும் விதிகள் மட்டுமே உண்டு, மறுக்கும் விதி கிடையாது.