சின்னக்குயிலுக்கு முந்திய சித்ரா

ஊரிலிருந்து வேலை விஷயமாக வந்த நண்பன் ஒருவன் போன மாதம் இரண்டு நாள் என் வீட்டில் தங்கியிருந்தான். மெம்பிஸில் பொட்டி தட்ட ஆரம்பித்து எனக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. யார் வந்தாலும் நான் கூட்டிக்கொண்டு போகிற இடம் இரண்டுதான். ஒன்று பார்பெக்யூ கடை, இன்னொன்று சன் ஸ்டூடியோ. நண்பன் சுத்த சைவம். ஆகவே சன் ஸ்டூடியோ :-)

யூனியன் அவென்யூவில் 706ஆம் எண் கட்டிடம். நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அளவுதான் இருக்கும். 1953இல் எல்விஸ் பிரெஸ்லி என்கிற 18 வயதுப் பையன் இங்கே வந்து, ஏறக்குறைய 4 டாலர் கொடுத்து, 2 பாட்டுப் பாடி ஒரு இசைத்தட்டு போட்டுக்கொண்டு போனான். அப்போது அவனை யாருக்கும் தெரியாது. அந்த ஒற்றைத் தட்டு 2015 ஜனவரியில் 3 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் ஜாக் ஒயிட் என்கிற ராக் பாடகர்.

வெளியே வந்ததும் நண்பன் கேட்டான், "நம்ம ஊர்ல இப்படி யாரோடதாவது இருக்காடா?"

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது திருவனந்தபுரம்தான். நான் பிறந்து வளர்ந்த ஊர். சாலைக் கடைத்தெருவில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், ரேடியோவில் இரண்டும். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைத்தான் தமிழ்நாடு 'சின்னக்குயில்' என்று கொண்டாடுகிறது.

சித்ரா தமிழுக்கு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். 1985, 'பூவே பூச்சூடவா', இளையராஜா. அந்தப் படத்துப் பாட்டிலிருந்துதான் சின்னக்குயில் பட்டமே வந்தது. அதே வருஷம் 'சிந்து பைரவி'. அதற்குத் தேசிய விருது. ஏதோ ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி நம் ஆட்கள் பேசுவார்கள். எனக்கு அதில்தான் சின்ன வருத்தம். 1985க்கு முன்னால் ஆறேழு வருஷக் கதை ஒன்று இருக்கிறது. அது முழுக்க எங்கள் ஊரில் நடந்தது.

சித்ரா பிறந்தது 1963 ஜூலை 27. அப்பா கிருஷ்ணன் நாயர்தான் முதல் குரு. அக்கா பீனாவும் பாடகி. கர்நாடக சங்கீதம் கற்றது டாக்டர் ஓமனக்குட்டியிடம். 1978 முதல் 1984 வரை மத்திய அரசின் இசை உதவித்தொகை கிடைத்தது. ஓமனக்குட்டியின் அண்ணன்தான் இசையமைப்பாளர் எம். ஜி. ராதாகிருஷ்ணன். பாடகர் எம். ஜி. ஸ்ரீகுமார் இவர்களுடைய தம்பி. ஒரு வீட்டிலிருந்தே இத்தனை பேர்!

ராதாகிருஷ்ணன் திருவனந்தபுரம் வானொலியில் வேலை பார்த்தவர். இந்த நிலையம் 1943இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஆரம்பித்தது, 1950இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்தது. வழுதக்காட்டில் பக்தி விலாஸ் என்ற பழைய பங்களாவில் இருக்கிறது. அங்கிருந்து அவர் 'லளித சங்கீத பாடம்' நடத்துவார். லளித சங்கீதம் என்றால் நம்ம மெல்லிசை. ஒரு வரியைப் பாடிக் காட்டுவார், எதிரில் இருப்பவர்கள் திரும்பப் பாட வேண்டும். ரேடியோவுக்கு இந்தப் பக்கம் ஊரில் பாதி வீட்டுப் பெண்களும் கூடவே பாடுவார்கள். எங்கள் வீட்டில் அக்கா பாடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கழுதை மாதிரிக் கத்தி அடி வாங்குவேன்.

அந்த ராதாகிருஷ்ணன்தான் சித்ராவை முதலில் சினிமாவில் பாட வைத்தார். 1979இல் 'அட்டகாசம்' என்ற மலையாளப் படம். சித்ராவுக்கு அப்போது வயது 16 இருக்கும். எல்விஸ் தட்டு போட்டபோது இருந்த வயதைவிடக் குறைவு. ஆனால் படம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது. வெளியே வந்தது 1983இல். அதற்குள் 1982இல் ராதாகிருஷ்ணன் இசையமைத்த 'ஞான் ஏகனாணு' வந்து, அதன் பாட்டுகள் கேரளம் முழுக்க ஒலித்துவிட்டன. ஆக, முதலில் பாடிய பாட்டை ஜனங்கள் பிறகுதான் கேட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் தமிழிலும் இதே கதை. இளையராஜா அவரை முதலில் பாட அழைத்த படம் 'நீதானா அந்தக் குயில்'. அது திரைக்கு வந்தது 1986இல். 'பூவே பூச்சூடவா'வும் 'சிந்து பைரவி'யும் முந்திக்கொண்டன. இரண்டு மொழியிலும் முதல் பாட்டு பின்னால் நின்றுவிட்டது. முதல் பாட்டு எது என்று நாம் சண்டை போடும்போது, பதிவான தேதியா, வெளிவந்த தேதியா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். அதற்கு முன்னால் மலையாளப் படமானாலும் பாட்டுப்பதிவு பெரும்பாலும் மதராஸில்தான். பாட ஆசைப்படுகிற பெண் குடும்பத்தோடு கோடம்பாக்கத்துக்குக் குடிபோக வேண்டும், அல்லது ஆசையை மறக்க வேண்டும். 1980இல் இது மாறியது. அந்த வருஷம் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணியை ஆரம்பித்தார். அரசின் சித்ராஞ்சலி ஸ்டூடியோவும் அதே காலத்தில் திருவல்லத்தில் வந்தது. கல்லூரியில் படித்துக்கொண்டே பாடலாம் என்ற நிலைமை உருவான நேரத்தில் சித்ராவுக்கு வயது 17. யேசுதாஸோடு மேடைகளிலும் பாடினார். படிப்பையும் விடவில்லை, கேரளப் பல்கலைக்கழகத்தில் இசையில் எம்.ஏ. வரை போனார்.

எல்விஸ் மாதிரி காசு கொடுத்துத் தட்டு போடும் வசதி நம் ஊரில் கிடையாது. நமக்கு 'டெமோ' என்றால் வானொலி, பள்ளி இளைஞர் விழா, அப்புறம் 'டிராக்' பாடுவது. டிராக் என்றால் தெரியாதவர்களுக்கு: பெரிய பாடகரின் தேதி கிடைக்காது, படப்பிடிப்பு காத்திருக்காது. எனவே ஒரு புதுக்குரலை வைத்துப் பாட்டைப் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு பெரியவர் வந்து பாடியதும் புதுக்குரலை எடுத்துவிடுவார்கள். இந்தியில் லதா மங்கேஷ்கருக்காக அப்படிப் பாடிப் பாடித்தான் கவிதா கிருஷ்ணமூர்த்தி மேலே வந்தார். வராமல் போனவர்கள் எத்தனை பேரோ? எல்விஸின் தட்டு அவன் கையோடு போனது. டிராக் பாடியவள் கையில் ஆட்டோவுக்குக் காசுதான் மிச்சம்.

இளையராஜா சித்ராவைக் கண்டெடுத்தார் என்பது உண்மை. நான் ராஜா வெறியன், அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அவர் கேட்டது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு குரல். அதற்குப் பின்னால் ஒரு அப்பா, ஒரு டீச்சர், ஒரு வானொலி நிலையம், ஒரு உதவித்தொகை, ஒரு ஸ்டூடியோ எல்லாம் இருந்தன. இப்போதும் 'ஞான் ஏகனாணு' பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். குரல் கொஞ்சம் மெலிசு, ஒவ்வொரு சுரத்தையும் கவனமாகத் தொடுகிறது. ஆனால் ஸ்ருதி மட்டும் இம்மி விலகாது. 6 தேசிய விருது, 2021இல் பத்மபூஷண் எல்லாம் அப்புறம் வந்தவை.

இனி சொந்தக் கதை. என் அக்காவும் நன்றாகப் பாடுவாள். சித்ராவைவிட மூன்று வயது இளையவள். பள்ளி விழாவில் பரிசு வாங்கிய சந்தோஷத்தில் அப்பா ஒரு கேசட் வாங்கி, பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் அவள் பாடிய ஏழெட்டுப் பாட்டைப் பதிந்து வைத்தார். அழியாமல் இருக்கப் பின்பக்கத் தகடைக்கூட உடைத்துவிட்டார். 1985 தீபாவளி முடிந்து 'சிந்து பைரவி' பாட்டைப் பதிய எனக்குக் கேசட் வேண்டும், கையில் காசில்லை. உடைந்த ஓட்டையில் செல்லோ டேப்பை ஒட்டினேன். அக்கா குரல் மேல் சித்ரா குரல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணமாகி நாகர்கோவில் போனாள். பாட்டு அதோடு போச்சு.

சன் ஸ்டூடியோவிலிருந்து வந்த ராத்திரி அவளுக்கு ஃபோன் போட்டேன். அங்கே காலை நேரம், குக்கர் சத்தம் கேட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் மறைத்து வைத்ததைச் சொன்னேன்.

"எனக்கு அப்பமே தெரியும்டே" என்றாள். "ஒட்டுன டேப்பைப் பாத்தேன். அப்பாட்ட சொன்னா உன்னத் தோலை உரிச்சிருப்பாவ."

"மன்னிச்சுக்கக்கா."

"போடே. அந்தக் கேசட்ல கடைசிப் பாட்டு அழியல்ல. கொஞ்சம் மிச்சம் உண்டு. நான் அத எடுத்து வச்சிருக்கேன்."

டிசம்பரில் ஊருக்குப் போகிறேன். கேசட் ஓட்டுகிற மெஷின் ஒன்று தேட வேண்டும்.